பதினொரு கிணறுகளுக்கு ஆதாரம்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரம் பார்த்து ஹானா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த பட்டறையில் இப்போது இருக்கும் பெண் அவள். ஊர்களின் சிற்றுருவங்களை மரத்திலும் அட்டையிலும் செய்து, பழம்பொருள் காட்டும் நூதனசாலைகளுக்குக் கொடுப்பதுதான் அந்தப் பட்டறையின் தொழில். இப்போது கையால் செய்வது குறைவு. எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் எழும்பி நின்று சுழல்கிறது. பழைய உருவங்களையும் திரைக்கு ஏற்றுகிறார்களாம். அதற்காக அவள் பழைய ஆதாரச் சீட்டுகளைக் கிளறியிருக்கிறாள்.

"ஒரு கம்பளி ஊர் இருக்கிறது, ஐந்து மேசை," என்றாள். "எல்லாவற்றுக்கும் ஆதாரம் எழுதியிருக்கிறீர்கள். தேவாலயத்துக்கு ஏழு, சந்தைக்கு நான்கு, பன்றிக் கொட்டிலுக்குக்கூட ஒன்று. மூன்றாம் மேசையில் பதினொரு கிணறுகள். அவற்றுக்கு மட்டும் 'எல்லோருக்கும் தெரிந்தது' என்று இருக்கிறது. யார் அந்த எல்லோரும்?"

தோசைக்கல் புகைந்தது. ஆறுதலாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் போதும். முழுக்கதையையும் ஹரோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டு மலருக்குத் தருகிறேன். தொழில் அனுபவம் எழுதித் தாருங்கள் என்று அந்த வகுப்பின் ஆசிரியை மூன்று மாதமாக என்னை விட்டபாடில்லை. பனைமரம் வேண்டாம் என்றும் கட்டளை போட்டிருக்கிறார். இதில் பனைமரம் இல்லை. கிணறு இருக்கிறது, அதுவும் இல்லாத கிணறு.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு நில அளவையாளர் கந்தோரில் பன்னிரண்டு வருடம் காணிப்படம் கீறியவன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, ஸ்ட்ரெதமில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரண்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கோலியர்ஸ் வுட்டில் ஆற்றோரம் இருந்த இந்தப் பட்டறைக்கு, படம் பார்த்து அளவாக வெட்டத் தெரிந்த ஆள் தேவை என்று அறிந்து போனேன். மேற்பார்வையாளர் மிஸ்டர் ஹாலட் ஓர் அட்டையைத் தந்து சதுரம் வெட்டச் சொன்னார். வெட்டினேன். நான்கு பக்கத்தையும் தன் இரும்பு அடிமட்டத்தால் அளந்தார். பிறகு லாச்சியிலிருந்து இன்னொரு அடிமட்டத்தை எடுத்து, முதல் அடிமட்டத்தை அளந்தார். இரண்டும் ஒத்துப்போயின. வேலை கிடைத்தது.

மிஸ்டர் ஹாலட்டை விளங்கிக்கொண்டால்தான் மிச்சக் கதை விளங்கும். மெலிந்த, உயர்ந்த மனிதர். மண்ணிற மேலங்கி. குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வசைச்சொல் "ஆதாரம்?" என்பது. சிற்றுருவத்தில் ஒரு வேலிக்கட்டையை ஒட்டினாலும் ஒரு சீட்டு எழுதவேண்டும்: என்ன பொருள், எத்தனை, எந்தப் படத்தில் அல்லது பத்திரத்தில் கண்டது. கீழே ஒட்டியவர் கையெழுத்து, அதற்குக் கீழே அவர் கையெழுத்து. பிழை நடந்தால் அதை எழுத ஒரு சிவப்புப் புத்தகம் இருந்தது. பேனையால்தான் எழுதவேண்டும், பென்சில் கூடாது.

ஒருநாள் வர்ணம் பூசும் லென், "வெளியே மழை" என்று சும்மா சொன்னார். ஹாலட் கதவுவரை நடந்துபோய், கையை வெளியே நீட்டி, நனைந்ததைப் பார்த்து, திரும்பி வந்து, "உண்மைதான்" என்றார். நகைச்சுவைக்காகச் செய்யவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதர் வாழ்ந்த விதமே அதுதான்.

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. ஆதாரமில்லாமல் ஒன்றை ஒட்டினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு முன் என் கதிரையில் இருந்தவர் ஒரு கூரையில் காற்றுத்திசை காட்டும் சேவலை, அழகாக இருக்கும் என்பதற்காக ஒட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சேவல் பிடிபட்டது. திங்கட்கிழமை நான் வந்தேன்.

அந்த நாட்களில் என் மனைவி பத்மாவும் ஐந்து வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையில் எனக்காகக் காத்திருந்தார்கள். மகள் என்னைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தாள். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பம் ஒருமுறை திரும்பிவிட்டது. வேலைகொள்வோர் கடிதம் வலுவில்லை என்று சட்டத்தரணி சொன்னார். வேலை நிரந்தரமானது, ஆள் நேர்மையானவர், நம்பத்தகுந்தவர் என்று மேற்பார்வையாளர் தன் கையெழுத்தோடு எழுதித்தரவேண்டும். அது இருந்தால் வழியுண்டு, இல்லாவிட்டால் இன்னொரு தரம் கேட்பது வீண் என்றார்.

ஹாலட்டிடம் போனேன். அவர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து, வேலை நிரந்தரம் என்று அடித்தார். ஆதாரம், சம்பளப் பதிவேடு. ஒழுங்காக நேரத்துக்கு வருபவர் என்று அடித்தார். ஆதாரம், வாசல் மணிக்கூட்டு அட்டைகள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நேர்மையானவர் என்று எழுத என்னிடம் ஆதாரமில்லை," என்றார்.

"நான் நேர்மையில்லாதவனா சேர்?"

"அதற்கும் ஆதாரமில்லை," என்றார், மிகவும் ஆறுதலான குரலில். "வரும்வரை பொறுத்திருப்போம்."

எட்டு மாதம் பொறுத்திருந்தேன். பட்டறைத் தரையில் ஓர் ஐந்து பவுண் தாளைக் கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தும் பார்த்தேன். அதை நானே போட்டிருக்கக்கூடும் அல்லவா என்று கேட்டார். நான்தான் போட்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் கம்பளி ஊர் வந்து சேர்ந்தது. பாடிங்டனிலிருந்து மேற்கே இரண்டு மணிநேர ரயில். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே ஆட்கள் இன்னும் சூடாக இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சின்ன ஊருக்கெல்லாம் தன் வரலாற்றைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை பிடித்திருந்தது. அந்த ஊரும் ஒரு கமிட்டி அமைத்து, தங்கள் வளர்ச்சியைக் காலத்துக்கு ஒன்றாக ஐந்து மேசையில் கேட்டது.

முதல் மேசையில் ஒரு மடம், ஓர் ஆறு, ஒரு தெரு, நிறையச் செம்மறி. துறவிகள் கடவுளைக் கும்பிட்டுக்கொண்டே ஆட்டு மயிர் விற்றார்கள். இரண்டாம் மேசையில் அரசர் சந்தை கூட்ட அனுமதி கொடுத்துவிட்டார். தெரு நடுவில் அகன்று சந்தை முற்றமாகிவிட்டது. மூன்றாம் மேசையில் கம்பளி வியாபாரிகள் காசைக் கண்டுவிட்டார்கள். மூட்டை மூட்டையாகக் கடல்தாண்டி மயிர் போகிறது. செய்த பாவத்துக்கு ஈடாகவோ என்னவோ, ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத உயரத்தில் தேவாலயக் கோபுரம் எழும்புகிறது. நான்காவதில், மயிராக விற்பதைவிடத் துணியாக நெய்து விற்றால் நல்லது என்று கண்டு, ஆற்றங்கரையில் துணியை அடித்துத் தடிப்பாக்கும் ஆலைகள், தண்ணீரில் சுழலும் சில்லுகள், நெசவாளர் குடிசைகள். ஐந்தாவதில் வடக்கே நீராவி ஆலைகள் வந்து இந்த ஊரின் வாயில் மண் விழுந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஒருவருக்கும் வசதியில்லை. அப்படியே விட்டார்கள்; இன்றைய ஊரும் அதுதான். நூறு வருடம் கழித்து, அந்த வசதியின்மைக்கு அழகு என்று பெயர் வைத்து வாசலில் சீட்டு விற்கலாம் என்று கமிட்டி கண்டுபிடித்தது. ஒரு ஊர் இப்படியும் வளரும்.

ஆடுகளால் முதல் தலையிடி வந்தது. நாங்கள் செய்தது இருநூறில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு செம்மறி ஓர் அரிசியளவு. ஈயத்தில் வார்த்த ஆடுகள் எண்ணூறு வந்தன. துறவிகளின் கணக்குப்படி ஆயிரத்து நானூறு வேண்டும் என்றார் ஹாலட். குறையாக விட அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அரிசியளவு என்றால் அரிசியே போதாதா என்று நான் டூட்டிங் கடையில் சம்பா அரிசி வாங்கி, பசையில் தோய்த்து, அறுநூறு ஆடுகளை மேய்ச்சலுக்கு விட்டேன். ஹாலட் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, ஈய ஆடுகளைவிட இவை ஆடுபோல இருப்பதாக ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்தில் எலி வந்தது. காலையில் பார்த்தால் ஆற்றுக்குத் தெற்கே ஓர் ஆடுகூட இல்லை. சிவப்புப் புத்தகத்தில் அவர் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன்: மந்தை இழப்பு, அறுநூறு, காரணம், எலி.

இரண்டாவது தலையிடி மூன்றாம் மேசை. அதற்கு ஊர்க் கமிட்டி ஒரு பழைய காணிப்படத்தின் பிரதியை அனுப்பியிருந்தது. தெருவுக்கு முகம் ஒடுக்கமான வீடு, பின்னால் நீட்டுக்கு ஓடும் காணி. அப்படி இருபத்திரண்டு துண்டு. எனக்குப் பார்த்தவுடன் கண் கலங்கிவிட்டது. அண்ணன் தம்பிக்குப் பிரித்த காணிபோலவே இருந்தது. பன்னிரண்டு வருடம் நான் கீறியதெல்லாம் இதுதான். ஆனால் படத்தில் ஒரு கிணறும் இல்லை.

காணி இருக்கிறது, வீடு இருக்கிறது, கிணறு எங்கே? படம் கீறியவன் விட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கிணறில்லாத வளவு ஒன்றை நான் வாழ்க்கையில் கீறியதில்லை. இரண்டு காணிக்கு ஒரு பங்குக் கிணறாக, எல்லையின் நடுவில் வைத்தேன். எல்லைச் சுவர் கிணற்றை அரைவட்டமாகச் சுற்றிப் போகும்படி வளைத்தேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு துலாவும் வைத்தேன். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கிணற்றடியில் துலாக்கால் என்று இரண்டு கட்டை நட்டு, அதன்மேல் ஒரு நீண்ட மரத்தைச் சாய்ந்தாடும்படி பொருத்தி, நுனியில் கயிறும் வாளியும் கட்டித் தண்ணீர் அள்ளுவது துலா. நெருப்புக்குச்சியில் செய்த அந்தப் பதினொரு துலாக்களும் உண்மையாகவே ஆடின. நான் அந்தப் பட்டறையில் செய்த மிகச் சிறந்த வேலை அது.

சீட்டில் ஆதாரம் என்ற இடத்தில், 'எல்லோருக்கும் தெரிந்தது' என்று எழுதினேன்.

ஹாலட் சீட்டை நெடுநேரம் பார்த்தார். "எல்லோருக்கும் தெரியுமா?"

"தண்ணீரில்லாமல் எப்படிச் சீவித்திருப்பார்கள் சேர்?"

அவர் லண்டனில் பிறந்து, குழாயைத் தவிர வேறு எதிலும் தண்ணீர் கண்டறியாத மனிதர். லென்னைக் கூப்பிட்டு, "அந்தக் காலத்து வீடுகளுக்குக் கிணறு இருந்ததா?" என்று கேட்டார். லென் தூரிகையை வாயில் கவ்வியபடி, "இல்லாமல்?" என்றார். சாட்சி இரண்டாகிவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

காட்சி திறந்து ஆறு வாரத்தில் கடிதங்கள் வரத் தொடங்கின. மூன்றாம் மேசையில் இருந்த வீடுகள் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. அவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். அதுதான் நான் யோசிக்காத விஷயம். தேவாலயத்திலிருந்து ஐந்தாவது வீட்டில் மிஸிஸ் டாபின் என்ற விதவை. ஆறாவதில் ஓய்வு பெற்ற ஒரு மேஜர். மேஜர் உருவத்தைப் பார்த்துவிட்டு, தன் ரோசாப் பாத்தியின் கீழே அரைக் கிணறு இருப்பதாக அறிந்துகொண்டார். மிஸிஸ் டாபின் மறுநாள் பார்த்துவிட்டு, துலாவின் கட்டை தன் பக்கத்தில் நடப்பட்டிருப்பதால் கிணறு தனக்குரியது, மேஜருக்கு அள்ள அனுமதி மட்டுமே உண்டு என்று கண்டுகொண்டார். கட்டையை நான் அந்தப் பக்கம் ஒட்டியதற்குக் காரணம், மற்றப் பக்கத்தில் பசை காயவில்லை.

மேஜர் தோண்டத் தொடங்கினார். மிஸிஸ் டாபின் சட்டத்தரணியைப் பிடித்தார். தெருவில் மிச்ச வீட்டுக்காரரும் ஆளுக்கொரு அளவுநாடாவோடு பின்வளவில் திரியத் தொடங்கினார்கள். கடைசியில் கமிட்டி எங்கள் பட்டறைக்கு ஒரு படிவம் அனுப்பியது. கிணறுகள் உறுதியான ஆதாரத்தின் பேரில் வைக்கப்பட்டவை என்று, ஊர் மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் கையெழுத்திட்டுத் தரவேண்டும்.

அப்போதுதான் நான் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த ஊரார் ஆற்றிலும், சந்தை முற்றத்திலிருந்த ஒரு பொது ஊற்றிலும் தண்ணீர் எடுத்தார்களாம். துலா என்ற பேச்சே எங்கும் இல்லை.

அறைக்கு வந்து சிவகுரு அண்ணையிடம் சொன்னேன். கோலியர்ஸ் வுட்டில் என்னோடு அறை பகிர்ந்தவர். ஊரில் ஒரு நொத்தாரிசிடம் முப்பது வருடம் காணி உறுதிப் பத்திரம் எழுதிய கிளாக்கர். இங்கே ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தகரப் பேணி அடுக்கினார். இந்த நாட்டில் தன் படிப்புக்கு மதிப்பில்லை என்பது அவருடைய நித்திய கவலை. நான் சொல்லி முடிக்கமுன் அவர் முகம் கார்த்திகை விளக்குப்போல எரிந்தது.

"பங்குக் கிணறோ? இஞ்சையோ?" என்றார். "கடவுளே, இவ்வளவு நாளும் இதைச் சொல்லாமல் இருந்திட்டியே! துலாக்கால் ஆருடைய பக்கம்?"

"அண்ணை, கிணறே இல்லை. நான் ஒட்டினது."

"அது பேந்து. முதலில துலாக்கால் ஆருடைய பக்கம் எண்டு சொல்லு."

அன்றைக்கே மேஜருக்கும் மிஸிஸ் டாபினுக்கும் ஓர் உறுதி எழுதிவிட்டார். வடக்கே ரோசாப் பாத்தி, தெற்கே டாபின் வளவு, வழி வாய்க்கால் உரித்துகள் உட்பட, அள்ளும் முறை ஒருவருக்குத் திங்கள், புதன், வெள்ளி, மற்றவருக்குச் செவ்வாய், வியாழன், சனி, ஞாயிற்றுக்கிழமை பொது. வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேள். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா. கிணறு இருந்தால் ஆருக்கு என்ன நட்டம்? பிழை எண்டு சொன்னியோ, அந்த மனிசன் உன்னை அனுப்பிப்போடும். வேலையும் இல்லை, கடிதமும் இல்லை. பத்மாவும் பிள்ளையும் அங்கைதான்."

"பொய் சொல்ல ஏலுமே அண்ணை?"

"ஆர் பொய் சொல்லச் சொன்னது? வாயைத் திறவாதை எண்டுதான் சொல்லுறன்."

அதில் நியாயம் இருந்தது. வாயைத் திறப்பதில்லை என்று நானும் முடிவெடுத்தேன். பயந்துபோயிருந்தேன், அதை மறைக்க வெட்கமில்லை. ஒரு நெருப்புக்குச்சித் துலாவுக்காக என் பிள்ளை இன்னும் எத்தனை வருடம் அந்த அறையில் இருப்பாள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

புதன்கிழமை ஹாலட்டும் நானும் ரயிலேறினோம். அவர் சிவப்புப் புத்தகத்தையும் இரும்பு அடிமட்டத்தையும் ஒரு தோல்பையில் வைத்திருந்தார். பட்டறை முதலாளி படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார். வழி முழுக்க மழை. ஜன்னலில் தெரிந்த மழையை அவர் ஐயப்படவில்லை.

ஊர் மண்டபத்தில் கமிட்டியார் ஒன்பது பேர். தலைவியம்மா ஆட்டுத்தலை பொறித்த சங்கிலி ஒன்றைக் கழுத்தில் போட்டிருந்தார். மேஜர் முழங்கால்வரை சேற்றோடு வந்திருந்தார்.

"நாலடி தோண்டினேன். தண்ணீர் வந்துவிட்டது," என்று அறிவித்தார். நவம்பர் மாதம் அந்த மண்ணில் எங்கே நாலடி தோண்டினாலும் தண்ணீர் வரும். சபை கைதட்டியது.

"அது என்னுடைய தண்ணீர்," என்றார் மிஸிஸ் டாபின்.

பிறகு அவர் எழுந்து பேசினார். எழுபது வயதிருக்கும். பதினான்கு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் தானும் மேஜரும் சீட்டாடி வந்ததாகவும், கணவர் இறந்த வாரத்தில்கூட மேஜர் வந்து மேசையில் சீட்டைக் கலைத்துவைத்ததாகவும், இந்தக் கிணற்றுக்குப் பிறகு அவர் தன்னைக் கண்டால் தெருவின் மறுகரைக்குப் போவதாகவும் சொன்னார். "பரவாயில்லை, உரிமை உரிமைதான்," என்று சொல்லி, கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேஜர் தன் சேற்றுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பங்குக் கிணற்றின் துலாக்காலுக்காகப் பத்தொன்பது வருடம் கதைக்கவில்லை. அப்பா செத்தபோது சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அழுதார். அந்தப் பிணக்குக்கான படத்தைக் கீறியவனும் நான்தான். அங்கேயாவது கிணறு ஒன்று இருந்தது. இந்த இரண்டு கிழங்களும் இல்லாத ஒன்றுக்காகவல்லவா முறிந்து கிடக்கிறார்கள் என்று நினைத்ததும் என் கால் தானாக எழும்பிவிட்டது. சிவகுரு அண்ணை சொன்னதெல்லாம் கதிரையிலேயே இருந்துவிட்டது.

"கிணறு இல்லை," என்றேன். "நான்தான் வைத்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்குக் கிணறு இருக்கும். அதனால் உங்கள் ஊருக்கும் வைத்துவிட்டேன். ஆதாரம் ஒன்றுமில்லை. பிழை என்னுடையது."

தலைவியம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்கள் மிகவும் தன்னடக்கமானவர்," என்றார். "ஆனால் சீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது என்று தெளிவாக இருக்கிறதே."

"அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது."

"தண்ணீர் வந்ததே!" என்று மேஜர் கத்தினார். என்மேல் அவருக்கு அடங்காத கோபம். மிஸிஸ் டாபினும் முதல் தடவையாக அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். ஒரு வெளியூர்க்காரன் வந்து தங்கள் கிணற்றை இல்லையென்பதா என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அப்போது ஹாலட் எழுந்தார். தோல்பையைத் திறந்து, சிவப்புப் புத்தகத்தை எடுத்து, தலைவியம்மாவின் மேசையில் வைத்து, பேனையால் எழுதினார். எழுதியதை வாசித்தார். மூன்றாம் மேசை, கிணறு பதினொன்று, துலா பதினொன்று, ஆதாரம் இல்லை, ஒட்டியவர் கூறினார், அனுமதித்தவர் ஹாலட், பிழை அனுமதித்தவருடையது. கையெழுத்திட்டு, மை காய ஊதினார். படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

கமிட்டி அப்படிச் சும்மா விடுமா? பத்து நிமிடம் கூடிக் கதைத்தார்கள். பிறகு வாக்கெடுத்தார்கள். ஊரில் பதினொரு கிணறுகள் இருந்தன என்ற தீர்மானம் ஏழுக்கு இரண்டு என்று நிறைவேறியது. எதிராகக் கை தூக்கியவர்கள் நூலகரும், எந்தத் தீர்மானத்துக்கும் எதிராகவே கை தூக்கும் ஒரு முதியவரும். வரலாற்றைக் கைதூக்கி முடிவுசெய்வதை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள்.

திரும்பும் ரயிலில் ஹாலட் சிவப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாடிங்டனில் இறங்கி, "நாளை எட்டரைக்கு," என்றார். அது வேலைக்கா, வேலையிலிருந்து அனுப்பவா என்று தெரியாமல் இரவு முழுக்கப் புரண்டேன். சிவகுரு அண்ணை என்னோடு கதைக்க மறுத்துவிட்டார். தான் எழுதிய உறுதி வீணாகிவிட்டதாம்.

காலை எட்டரைக்குப் போனேன். ஹாலட் தட்டச்சுப் பொறியின் முன் இருந்தார்.

"சட்டப்படி உங்களை அனுப்பவேண்டும்," என்றார். "ஆனால் பிழை நடந்ததாக வாடிக்கையாளர் ஏற்கவில்லை. வாக்கெடுத்து மறுத்துவிட்டார்கள். அவர்கள் ஏற்காத பிழைக்கு நான் ஆளை அனுப்ப முடியாது. நேற்றிரவு யோசித்துப் பார்த்தேன். விதியில் அதற்கு இடமில்லை."

பிறகு பொறியிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். அன்று பாதியில் நின்ற அதே கடிதம். வேலை நிரந்தரம், ஆதாரம், சம்பளப் பதிவேடு. நேரம் தவறாதவர்; ஆதாரம், மணிக்கூட்டு அட்டைகள். அதற்குக் கீழே புதிய மையில் ஒரு வரி: இவர் நேர்மையானவர்; ஆதாரம், நேரில் கண்டது, தனக்கு நட்டம் வரும் விஷயத்தில், எழுந்து நின்று.

நான் அந்த இடத்திலேயே அழுதேன். ஹாலட் என்ன செய்வதென்று தெரியாமல் அடிமட்டத்தை எடுத்து மேசையை அளந்தார்.

பத்மாவும் மகளும் அடுத்த வசந்தத்தில் வந்து இறங்கினார்கள். கடிதத்தின் பிரதியை பத்மா கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள். ஹீத்ரோவில் என்னைக் கண்டு அழுது முடித்த கையோடு கேட்டாள்: "நீங்கள் நேர்மையான ஆள் எண்டு சொல்ல ஒரு வெள்ளைக்காரன் தேவைப்பட்டுதோ? என்னட்டைக் கேட்டிருந்தால் நான் எழுதித் தந்திருப்பனே."

"உம்மட்டை என்ன ஆதாரம்?" என்றேன்.

"சும்மா இருங்கோ," என்றாள்.

அந்த வருடக் கோடையில் அவர்களைக் கம்பளி ஊருக்குக் கூட்டிப்போனேன். ஐந்தாவது, ஆறாவது வீடுகளின் நடுவில் ஒரு கிணறு இருந்தது. மேஜர் தோண்டி முடித்துவிட்டார். கல் கட்டி, எல்லைச் சுவரை அரைவட்டமாக வளைத்து, ஆளுயரத் துலாவும் வைத்திருந்தார்கள், நான் செய்த நெருப்புக்குச்சித் துலாவைப் பார்த்து அச்சொட்டாக. துலாக்கால் மிஸிஸ் டாபின் பக்கத்தில்தான். இருவரும் கிணற்றடியில் மேசை போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இருவர் முகமும் இறுகியது. பொதுப் பகைவன் ஒருவன் கிடைத்தால் அயலவர் ஒற்றுமையாகிவிடுவார்கள் போலும்.

பத்மா அவர்களைக் கவனிக்கவில்லை. நேரே போய்த் துலாவைப் பிடித்து, ஒரே இழுவையில் வாளி நிறைய அள்ளி, மகளின் காலில் ஊற்றினாள். பிள்ளை கூச்சலிட்டுச் சிரித்தாள். மேஜரும் மிஸிஸ் டாபினும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு அள்ளும் முறை யாருடையது, எனவே அந்த வாளித் தண்ணீர் யாருடைய பங்கில் குறைந்தது என்று உரத்த குரலில் வாதாடத் தொடங்கினார்கள். நாங்கள் போகும்போதும் முடியவில்லை.

ஆகவே ஹானாவுக்கு என் பதில் இது. மூன்றாம் மேசையிலிருந்து பதினொரு கிணறுகளையும் எடுத்துவிடு பிள்ளை. அவை பிழை. ஹாலட் எழுதிய பக்கம் சிவப்புப் புத்தகத்தில் இருக்கும், பார். ஆனால் ஐந்தாம் மேசையில், தேவாலயத்திலிருந்து ஐந்தாவது, ஆறாவது வீடுகளின் நடுவில் ஒன்றை வை. துலாக்கால் ஐந்தாவது வீட்டுப் பக்கம். சீட்டு நானே எழுதித் தருகிறேன்: கிணறு, ஒன்று. ஆதாரம்: நேரில் கண்டது, என் பிள்ளையின் கால் நனைந்தது.